பாதி முகவரி

என் வாயாடி மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பத்திரமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னிடம் தபாலில் சோப்பு வாங்கிய எவனோ ஒருவன் நேராக வீட்டுக்கே வந்து, சமையலறை ஜன்னலைத் தட்டு தட்டென்று தட்டி, என் பொண்டாட்டி மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு, வெளிய வா என்று கத்தினான், நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று சொன்னாய். ஒரு நிமிஷம் வாயை மூடத் தெரியாத பெண் நீ, குழந்தை அழுதுவிடக் கூடாதே என்று அதன் வாயில் விரலைக் கொடுத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தாயாம். பட்டப்பகலில் நான் எங்கள் வாசல் கதவை நாலு தடவை இழுத்து இழுத்துப் பார்ப்பதைக் கண்டு அம்மா, அவ வீட்டுக் கதவை இங்கேருந்தே பூட்டறீங்களா என்று கேட்கிறாள். கேலிதான், ஆனால் அவளும் நேற்று இரண்டு தட்டைக் கீழே போட்டு உடைத்தாள்.

வியாபாரத்தை நிறுத்திவிடு என்ற பேச்சு வாய்வரைக்கும் வருகிறது. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஏன் என்று கீழே எழுதுகிறேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நீயாகக் கற்று நீயாக ஆரம்பித்தது, நடத்து. ஆனால் சோப்பில் என்னென்ன சேர்க்கிறாய் என்று வாசனை எண்ணெய் முதற்கொண்டு ஒன்று விடாமல் உறையில் எழுது, முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போட வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடு. எந்தத் தேதியில் ஊற்றிய சோப்பு யார் யாருக்குப் போனது என்று குறித்து வை, ஒருத்திக்குச் சிவந்தால் அதே நாள் சோப்பை வாங்கின மற்றவர்களை எச்சரிக்க வேண்டாமா. அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறதோ தெரியவில்லை, பாவம், அவளும் ஒருவர் பெற்ற பிள்ளைதானே, மாப்பிள்ளையை ஒரு வரி எழுதி விசாரிக்கச் சொல். அவன் முதலில் புகார் எழுதினதற்கு மூன்று நாள் பதில் போடாமல் இருந்தது உன் தப்பு, அன்றைக்கே இரண்டு வார்த்தை ஆறுதலாக எழுதியிருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும். வியாபாரத்துக்குத் தனியாக ஒரு போன் எண் வாங்கு. திருப்பி அனுப்புகிறவர்களுக்குத் தபால் நிலையத்தில் ஒரு பெட்டி எடுத்து அந்த எண்ணைக் கொடு, வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்க வேண்டியதே இல்லை. சோப்பு விற்க வீடியோ எடுக்கும்போது ஜன்னலுக்குத் திரை போடு, எதிர்க் கடையின் பலகை பளிச்சென்று தெரிகிறது. அவரு ஆபீஸ் போயிட்டாரு, இப்ப நானும் பாப்பாவும் மட்டும்தான் என்று போன வீடியோவில் சிரித்துக்கொண்டே சொன்னாய், அதை உடனே எடுத்துவிடு. சோப்புக்குக் கலக்கும் தோலைப் பொத்துவிடும் காரத்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வை, அது தவழ ஆரம்பித்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மணி அடிக்காது, ஜன்னலைத் தட்டினால்தான் கேட்கும் என்பது லேபிள் ஒட்ட வரும் அடுத்த வீட்டு அக்காவுக்கு மட்டும்தான் தெரியும், அவள்தான் யாரிடமோ உளறியிருக்கிறாள், இனி வர வேண்டாமென்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன் என்றாய். அவள் அழுதுகொண்டே போனாள் என்றும் சொன்னாய். அப்போதே நான் பேசியிருக்க வேண்டும். போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அவள் உளறவில்லை மகளே. சொன்னது நான்.

நீ வீடியோ போடுகிற பக்கத்தில் வருகிற கமெண்ட் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படிக்கிறவன் நான் ஒருவன்தான் இருப்பேன். அந்த ஆள் சோப்பைத் திருப்பித் தர வேண்டும், உறையில் தெருப் பேர் மட்டும்தான் இருக்கிறது, வீடு எங்கே என்று கேட்டிருந்தான். நீ வேண்டுமென்றேதான் வீட்டு எண்ணை விட்டிருக்கிறாய் என்று எனக்கு உறைக்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் தபால் பிரிக்கும் மேஜையில் உட்கார்ந்து, அரைகுறை முகவரியோடு வந்ததையெல்லாம் வீடு கண்டுபிடித்து அனுப்பியவன், பாதி முகவரியைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. போன வருஷம் வந்து தங்கியதை வைத்துக்கொண்டு, தையல் கடைக்கு அடுத்த சந்து, நீல கேட், மணி அடிக்காது, சமையலறை ஜன்னலைத் தட்டவும், காலை எட்டு மணிக்கு மேல் மகள் தனியாக வீட்டில்தான் இருப்பாள், எந்நேரமும் வரலாம் என்று எழுதினேன். அவன் நன்றி ஐயா என்று பதில் போட்டான். வாடிக்கையாளருக்கு உதவினேன் என்று அன்று முழுக்க எனக்கு ஒரே பூரிப்பு. நீ போனில் சொன்ன பிறகு ஓடிப்போய் அதை அழித்தேன், அதற்குள் பதினோரு பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். யார் அந்தப் பதினோரு பேர் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வெடிக்கிறது.

மாப்பிள்ளை இந்த வாரம் லீவு போட்டு வீட்டில் இருப்பதால்தான் கொஞ்சமாவது உட்கார்ந்து எழுத முடிகிறது. திங்கட்கிழமை அவர் கிளம்பிவிட்டால் நீ கத்தினால் காதில் விழுகிற தூரத்தில் இருப்பது அந்த அக்கா ஒருத்திதான், அவளையும் நான் எழுதின கமெண்ட் துரத்திவிட்டது. முதலில் பூட்டை மாற்று, மணியைச் சரிபண்ணு, கதவில் ஆளைப் பார்க்க ஒரு துளை வை. கோபத்தில் இதைக் கிழித்துப் போட்டுவிடாதே, இதே காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்ப் படிக்கக் கொடு. அவள் என்னைத் திட்டட்டும், நீயும் சேர்ந்து திட்டு, திட்டி முடித்துவிட்டு அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வா.

நீயும் உன் வீடும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, கவரை ஒட்டுவதற்கு முன் அவளுக்கும் படித்துக் காட்டிவிடுவேன். அக்கா உன் வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு உயிர் வரும். வந்ததும் எனக்குப் போன் பண்ணு. நீ பேச வேண்டாம், அவளிடம் கொடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்கு வழி சொன்ன அப்பா