ஆடு வராத படம்

தையல் கடை,
திங்கட்கிழமை மத்தியானம்

என் அன்பு வாலு,

அம்மா எழுதுகிறேன். நான் சௌக்கியம். உங்கப்பா சௌக்கியமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல்.

போனில் பேசலாமே, எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழும். குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டே, அங்கே குளிரா இருக்கான்னு கேளு என்று குரல் கொடுக்கிற ஆள். உன்னோடு பேச மாட்டார், ஆனால் உன் பதிலை என் வாய் வழியாக ஒன்று விடாமல் வாங்கிக்கொள்வார். அதனால்தான் மெஷின் மேல் தாளை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காஜா அக்கா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற கைக்கு அந்தப் போனெல்லாம் அத்துப்படி.

உன் படத்தைப் பார்த்துவிட்டேன். திரைப்பட விழாவில் வெளிநாட்டுப் படங்கள் வரிசையில் உன் படம் வருகிறது என்று நீ சொன்னதிலிருந்து காஜா அக்காவுக்கு ஒரே சந்தேகம். இந்த ஊர்ப் பெண் எடுத்தது எப்படி வெளிநாட்டுப் படமாகும் என்று துளைத்தெடுத்தாள். அந்த ஊர்க்காரர்கள் தயாரித்து, அந்த ஊர் நடிகர்களை வைத்து, அந்த ஊர் பாஷையில் எடுத்தால் அது அந்த ஊர்ப் படம்தான் என்றேன். அப்ப கட்டிக்குடுத்த பொண்ணு மாதிரின்னு சொல்லு என்றாள். பேசாமல் பட்டனைத் தை என்றேன்.

நேற்று உங்கப்பாவிடம், லைனிங் துணி வாங்கக் கடைவீதிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நானும் காஜா அக்காவும் கிளம்பினோம். அவரும் பஸ் டெப்போ ஓய்வுபெற்றோர் கூட்டம் என்று சொல்லி எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். சனியன் ஒழிந்தது என்று நினைத்தேன். இதைப் படத்தில் போட்டுவிடாதே.

அந்தத் தியேட்டரில் என்ன கூட்டம் தெரியுமா? ஆளுக்கு ஒரு துணிப்பை, கழுத்தில் ஒரு அட்டை. ஒரு படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் கொன்றுவிடுவதுபோல் சண்டை போட்டுக்கொண்டே அடுத்த படத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். நாங்களும் இரண்டாம் ஹால் வரிசையில் நின்றோம். கதவு திறக்கும் நேரத்தில் ஒரு வாலண்டியர் ஓடி வந்தான். இந்த ஹால் மெஷினில் உன் படம் திறக்கவில்லையாம், அதை மூன்றாம் ஹாலுக்கு மாற்றிவிட்டார்களாம், இங்கே வேறு படமாம். எல்லாரும் திபுதிபுவென்று மூன்றாம் ஹாலுக்கு ஓடினோம். காஜா அக்கா ஓடிய வேகத்தில் எங்களுக்கு நட்ட நடுவில் இடம் கிடைத்தது.

நன்றாக இருந்ததா என்றால், நன்றாக இருந்தது. உன்னை நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும் இருந்தது. அந்த நடிகர் ஆறடி உயரம், செம்பட்டை முடி. ஆனால் அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி, வீட்டுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாரே, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் உள்ளே வந்தாலும் திரும்பாமலே, ரெண்டு நிமிஷம் லேட் என்கிறார். குடையை மடித்துவிட்டு மூன்று தடவை தட்டுகிறார். ஹாலே சிரிக்கிறது. நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். அந்த அம்மாவுக்குத்தான் மொத்தம் நாலு வசனம். நான் அவ்வளவு குறைவாகவா பேசுகிறேன்? நீ எழுதும்போது வேறு யாரையோ நினைத்துக்கொண்டாய் போலிருக்கிறது.

கடைசியில் அந்தப் பெண் பெட்டியோடு வாசலில் நின்று போய்ட்டு வரேன் என்கிறாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். கதவு சாத்துகிறது. அப்புறம் அந்த முதுகுதான், வெகு நேரம். சிரித்த ஹால் கப்சிப். அவர் பேசி வாங்கித் தந்த பாங்க் வேலையை உதறிவிட்டு நீ சினிமா படிக்கப் போன அன்றைக்கு நம் வீட்டில் அப்படியேதான் நடந்தது. நீ ஒரு சொட்டுக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. இதை மட்டும் அவர் பார்த்துவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் இந்த ஜென்மத்தில் பேசிக்கொள்ளப்போவதில்லை என்று நினைத்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எதிரே இரண்டாம் ஹால் கதவு திறந்து உங்கப்பா வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

விஷயம் இதுதான். உன் படத்தை எனக்குத் தெரியாமல் பார்த்துவிட வேண்டும் என்று அவரும் வந்திருக்கிறார். டைம் கீப்பராக இருந்தவர் ஆயிற்றே, வழக்கம்போல ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், முந்தின படம் ஓடும்போதே உள்ளே நுழைந்து சீட்டைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். ஹால் மாற்றிய அறிவிப்பை உள்ளேயும் வந்து சொல்லியிருக்கிறார்கள். நம்மவர் அசையவில்லை. அதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் அந்த பஸ் இங்கே வராது, அங்கே போய் நில்லுங்கள் என்று வேலைக்காலம் முழுக்க மைக்கில் சொன்னவராம். பாதி நேரம் பஸ் இங்கேயேதான் வருமாம். இடத்தைக் காலி பண்ண வைக்கிற இந்தத் தந்திரமெல்லாம் என்கிட்டயா என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அங்கே ஓடியது ஒரு ஆட்டுப் படம். பனிமலையில் ஒரு கிழவர், டவுனில் இருக்கிற மகளைப் பார்க்க ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நடக்கிறார். பேச்சே கிடையாது. மகள் வீட்டு வாசல் வரை போய்க் கதவைத் தட்டக் கூச்சப்பட்டு, ஆட்டை அங்கே கட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறாராம். உங்கப்பா தூரத்துக் கண்ணாடிக்குப் பதிலாகப் படிக்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனதால் பெயரும் தெரியவில்லை, கீழே ஓடிய எழுத்தும் தெரியவில்லை. முழுப் படத்தையும் நீ எடுத்ததாகவே நினைத்துப் பார்த்து அழுதிருக்கிறார்.

நீயும் பின் வரிசையில இருந்தியா என்று என்னிடம் அவராகவே கேட்டு, அவராகவே ஆமாம் என்று முடிவு செய்துகொண்டார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி ஒன்று சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தக் கிழவனை ஒரு வார்த்தை பேச விடல பாத்தியா. பேசத் தெரியாதவன்னு புரிஞ்சு வெச்சிருக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை நானே அவகிட்ட பேசறேன்."

ஆடு நன்றாக நடித்தது என்று மட்டும் சொன்னேன். பின் சீட்டில் காஜா அக்கா எந்த ஆடு என்று ஆரம்பித்தாள். கையைப் பின்னால் விட்டு ஒரு கிள்ளு கிள்ளினேன்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. படம் முடிந்ததும் அதை எடுத்த தாடிக்காரர் மேடைக்கு வந்திருக்கிறார். உன்னால் வர முடியாததால் உன்னிடம் வேலை பார்க்கிறவரை அனுப்பியிருக்கிறாய் என்று இவர் நினைத்துக்கொண்டார். நேரே போய்க் கையைப் பிடித்து, எம்பொண்ணு சொல்றதைக் கேட்டு ஒழுங்கா வேலை பாரு தம்பி, நல்லா வருவே என்று தட்டிக்கொடுத்திருக்கிறார். அந்த மனிதருக்கு என்ன புரிந்ததோ, இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். நல்ல பையன், ஆனா கொஞ்சம் இளகின மனசு என்கிறார் உங்கப்பா.

இப்போது வந்திருக்கிற ஆபத்து என்னவென்றால், புதன்கிழமை உன் படம் இன்னொரு தடவை போடுகிறார்கள். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கீழே ஓடுகிற எழுத்தையும் படிக்க வேண்டுமாம். டெப்போ நண்பர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறார். எம்பொண்ணு ஒரு ஆட்டை வெச்சு எடுத்திருக்கா பாரு என்று டீக்கடை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆட்டைப் பார்க்கப் போகிற மனிதர் நாலு பேர் முன்னால் தன் முதுகைப் பார்த்தால் என்ன ஆகும்? எனக்குக் கை ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூரத்துக் கண்ணாடியைப் பட்டன் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். காஜா அக்கா என்னைக் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளச் சொல்கிறாள். மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார், எனக்குத் தெரியாதா?

ஒரு கஸ்டமர் பேண்ட்டோடு வந்துவிட்டார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை

இரண்டு நாளாக இந்தத் தாளைத் தொடவே பயமாக இருந்தது. நேற்று கண்ணாடியைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். நானும் கூடவே தேடுகிற மாதிரி கட்டிலுக்கு அடியில் எல்லாம் படுத்துப் பார்த்தேன். கடைசியில், போனால் போகிறது, நண்பர் கண்ணாடியை வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

இன்று காலையில் அந்த நண்பர் கடைக்கு வந்தார். கண்டக்டராக இருந்தாரே, விசில் என்று கூப்பிடுவார்களே, அவர்தான். இடுப்பைப் பிரித்து விட வேண்டும் என்று ஒரு பேண்ட்டைக் கொடுத்தார். அது ஏற்கெனவே தொளதொளவென்று இருந்தது. கொஞ்ச நேரம் காஜா எடுப்பதையே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, கடைசி வரைக்கும் ஆடே வரல."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆடு எப்ப வரும் என்று இவர்கள் கேட்கக் கேட்க, வரும், பொறு என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம் உங்கப்பா. அந்தச் சுவர்க் கடிகாரம் வந்ததும் அவர் பேச்சு நின்றுவிட்டது. குடையைத் தட்டும்போது ஒருத்தர் பலமாகச் சிரித்து, டேய், இது நம்மாளு மாதிரியே இல்ல என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாராம். அதன்பிறகு அந்த வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. மற்ற வரிசைகளில் சிரித்தார்கள். பெட்டியோடு அந்தப் பெண் நிற்கிற இடத்தில் இவர் கண்ணாடியைக் கழற்றி, உன் கண்ணாடி பவர் சரியில்ல, ஒண்ணும் தெரியல என்று விசிலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுந்து போகவில்லை. விளக்குப் போடும்வரை உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் அந்தக் கடிகாரம் மூணு நிமிஷம் ஸ்லோ என்றாராம். அவ்வளவுதான். நாலு பேரும் வாயைத் திறக்காமல் அவரை நம் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் நேற்று எனக்குத் தெரியாது. வந்தார், செருப்பைக் கழற்றினார், குடையை மடித்தார். தட்டவில்லை. நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றேன். நாற்காலிக் கால் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாற்காலியை அப்படியே திருப்பி, சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்தபடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்ன திடீர்னு என்று கேட்டேன். அந்தப் பக்கம் வெளிச்சம் கண்ணைக் கூசுது என்றார். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சாப்பாட்டைப் பரிமாறினேன். இத்தனை வருஷத்தில் அவர் சாப்பிடும்போது முகத்தைப் பார்த்தது நேற்றுதான். வலது பக்கமாக மெல்லுகிறார். பாவம், பழக்கம் விடவில்லை, நாலு வாய்க்கு ஒரு தடவை கழுத்தை முழுக்கத் திருப்பி மணி பார்க்கிறார். கழுத்துப் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துவிட்டேன். கடிகாரத்தை எதிர்ச் சுவரில் மாட்டிவிடலாமா என்று கேட்டேன். வேணாம், பழகிக்கும் என்கிறார்.

தைலம் தேய்க்கும்போது, ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்றீர்களே என்று மெல்ல ஆரம்பித்தேன். திரும்பி மணியைப் பார்த்தார்.

"பேசறேன். அந்த ஆட்டைப் பத்தித்தான் கேக்கணும்."

கண்ணே, அவருக்குத் தெரியும். எல்லாம் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது, அது அப்படியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் வரும், அவர் குரலில். எடுத்ததும் அழுது தொலைக்காதே, பயந்து வைத்துவிடுவார். என் படத்தில் ஆடே இல்லையே அப்பா என்று உன் நியாயத்தையும் பேசாதே. அந்த ஆடு எப்படி இருக்கு, வேளைக்குச் சாப்பிடுதா, அந்தக் குளிரைத் தாங்குதா, கூடத் துணைக்கு யாராவது இருக்காங்களா என்று கேட்பார். வேறு எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. நல்லா இருக்குப்பா, உங்களைத்தான் தேடுது என்று மட்டும் சொல்.

அடுத்த படத்திலாவது அம்மாவுக்கு வசனத்தைக் கூட்டிப் போடு. காஜா அக்கா தனக்கும் ஒரு வேஷம் கேட்கிறாள். இடைவேளை இல்லாத படமென்றால் நடிக்க மாட்டாளாம். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள். நீயும் உன் படங்களும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

முடிந்தபோது ஒரு தடவை வந்துவிட்டுப் போ. நாற்காலி வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது. லேட்டானாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

உன் அம்மா