பூசணிக்காயும் மூன்று மில்லிமீட்டரும்

12 ஜூலை 1981, ஞாயிறு. திண்டுக்கல்

நாளைக் காலை முதல் பஸ். ஆடிக்குப் பங்கஜத்தைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஒரு மாதப் பிரிவு. முறைப்படி மாமனார்தான் வந்து மகளை அழைத்துப் போயிருக்க வேண்டும். பதினான்காம் தேதி காரைக்காலில் முக்கியமான ஆட்டம் ஒன்று இருக்கிறதாம், வர முடியாதாம். கடிதம் போட்டிருக்கிறார். அறுபத்திரண்டு வயதில் என்ன ஆட்டம்?

பெட்டியில் எஃகு நாடாவை வைத்ததைப் பங்கஜம் பார்த்துவிட்டாள்.

"மாமியார் வீட்டுக்கு எதுக்குங்க அளவு நாடா?"

அரசாங்கச் சொத்து, பூட்டிய வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது என்றேன். பதினோரு வருடமாக முத்திரை ஆய்வாளராக இருக்கிறேன். படிக்கல், தராசு, துணிக்கடை மீட்டர் கோல் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்துகிறவன் வெறுங்கையோடு ஊருக்குப் போவதா?

13 ஜூலை, திங்கள். காரைக்கால்

இடுப்பு கழன்றுவிட்டது. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று மூன்று இடத்தில் பஸ் மாறி வந்து சேர்ந்தோம்.

மாமனார் பஞ்சநாதன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள். கல்யாணத்தில் பட்டு வேட்டியில் பார்த்த மனிதர், இன்று அரைக்கால் சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்து மூன்று இரும்புக் குண்டுகளை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒன்றை எடுத்துப் பார்த்து, "முத்திரை இல்லையே மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குண்டைத் திருப்பி, ஓரத்தில் 720 என்று வெட்டியிருந்ததைக் காட்டினார். "பிரான்சுக்காரன் எடை போட்டே வெட்டிருக்கான் மாப்ளே. ஒங்க திண்டுக்கல் பூட்டுன்னு நெனச்சீங்களா?"

ஆட்டத்துக்குப் பெயர் பெத்தாங். முதலில் ஒரு சின்ன மரக்குண்டை வீசுவார்கள். அதற்குப் பெயர் குட்டி. பிறகு ஆளுக்கு மூன்று இரும்புக் குண்டு. குட்டிக்குப் பக்கத்தில் யாருடைய குண்டு கிடக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. முதலில் பதின்மூன்று எடுப்பவர்களுக்கு ஜெயம். ஓட்டமும் கிடையாது, வியர்வையும் கிடையாது. இதற்காகவா மகளை அழைக்க வரவில்லை?

ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றவர்கள் ஊர் முன்னால் ஒரு பூசணிக்காய்க்கு முத்தம் கொடுத்து, அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமாம். அடுத்து ஜெயிக்கிறவரை அது கூடத்தில் உட்கார்ந்திருக்குமாம்.

"பிரான்சுல பூசணி கெடையாது மாப்ளே. அங்க ஒரு பொம்பளப் படம் வச்சிருப்பான். அவ திரும்பி நின்னுகிட்டு—"

மாமியார் கமலாம்பாள் கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தார். மீதி தெரியவில்லை.

14 ஜூலை, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

இன்று பிரான்சுக்குத் தேசிய நாள். காலையில் மெடல் குத்திய பெரியவர்கள் கொடியேற்றி, பாட்டுப் பாடி, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். மாலை நாலு மணிக்கு அரசலாற்றுப் பக்கம் ஒரு மண் திடலில் ஆட்டம். மாமனாரும் அவர் கூட்டாளி லூசியனும் ஒரு கட்சி. திருமலைராயன்பட்டினத்து ஆல்போன்சும் தியாகேசனும் எதிர்க்கட்சி. எல்லாருமே சொல்தாக்கள். வேடிக்கை பார்க்க அறுபது பேர். கிளம்பும்போதே பங்கஜம் சொன்னாள்: "அப்பா சிநேகிதங்ககிட்ட மரியாதையா நடந்துக்கங்க." அதுதான் வினை.

ஆளுக்கு ஆள் குந்தி உட்கார்ந்து வீசினார்கள். வீச்சு ஒரு நிமிடம் என்றால் விவாதம் பத்து நிமிடம், அதில் பாதி பிரெஞ்சில். எங்கள் அலுவலகத்துக்கு ஏற்ற விளையாட்டு. எப்போது கைதட்டுவது என்று தெரியாமல், பக்கத்தில் நின்றவர் இருமும்போதெல்லாம் தட்டினேன். பிறகு கூட்டத்தை விட்டுத் திடலின் கடைசியில் போய்த் தனியாக நின்றுகொண்டேன்.

மாமனாருக்குக் கை சரியில்லை. பன்னிரண்டு பூஜ்யம்! மூலையில் இருந்த பூசணிக்காயை யாரோ துண்டால் துடைக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தச் சுற்றில் மாமனார் வீசிய முதல் இரண்டு குண்டும் குட்டியைத் தாண்டி ஓடி, என் காலருகே வந்து கிடந்தன. அவர் கையில் கடைசிக் குண்டு. அவர் எழுந்தார், நிமிர்ந்தார், ஒரே அடி. குண்டு குட்டியை அடித்தது. குட்டி துள்ளி உருண்டு நேரே என்னிடம் வந்து, அந்த இரண்டு குண்டுக்கும் நடுவில் நின்றது. கூட்டம் "ஓ!" என்று கத்தியது.

திண்டுக்கல்லில் பந்து காலடிக்கு வந்தால் எடுத்துக் கொடுப்பதுதான் மரியாதை. சும்மா நிற்பவனைத் திட்டுவார்கள். எடுத்தேன். வேட்டியில் துடைத்தேன். இருபது அடி நடந்துபோய், இரண்டு கையாலும் ஆல்போன்சிடம் கொடுத்தேன். "இந்தாங்க சார்."

ஆல்போன்ஸ் குட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

லூசியன்தான் சொன்னார், அழாத குறையாக. குட்டி அங்கேயே கிடந்திருந்தால் எங்களுக்கு இரண்டு புள்ளி. பூசணியும் கிடையாது. மாமனார் வேண்டுமென்றேதான் குட்டியை அங்கே அனுப்பினாராம், இருபது வருடத்தில் அப்படி ஒரு அடி யாரும் அடித்ததில்லையாம். குட்டியை யாராவது எடுத்துவிட்டால் அந்தச் சுற்றே செல்லாதாம். மறுபடி ஆடினார்கள். பதின்மூன்று பூஜ்யம்.

மாமனார் மெடலோடு குனிந்து பூசணிக்காய்க்கு முத்தம் கொடுத்தார்.

15 ஜூலை, புதன்

பூசணிக்காய் கூடத்தில், எனக்கு எதிரில். மாமனார் என்னிடம் பேசுவதில்லை. ஆனால் உபசாரத்தில் குறையில்லை.

"கமலா, மாப்பிள்ளைக்கு இன்னொரு இட்லி வேணுமான்னு கேளு."

"வேணாம்னு சொல்லுங்க அத்தை."

"வேணாங்கிறாரு."

"காதுல விழுந்துச்சு, கமலா."

மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானம் பங்கஜம் தீர்ப்புச் சொன்னாள். "எங்கப்பா ஒங்ககிட்ட நேரா பேசணும். அதுவரைக்கும் நான் ஊருக்கு வரமாட்டேன். ஆடி முடிஞ்சா என்ன, மார்கழி முடிஞ்சா என்ன."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா? இல்லை. பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஐந்து மாதத்தில் அவள் இல்லாமல் ஒரு வேளைகூட நான் சாப்பிட்டதில்லை.

16 ஜூலை, வியாழன்

மாங்கனித் திருவிழா. சாமி வரும்போது மாடியிலிருந்தெல்லாம் மாம்பழம் வீசுகிறார்கள், கீழே ஊரே பாய்ந்து பிடிக்கிறது. ஒரு நல்ல பழம் என் காலடியில் வந்து விழுந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "எடுங்க, எடுங்க!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். யார் சொன்னாலும் தொடுவதாக இல்லை. காசியம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரர் பழத்தை எடுத்து என் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டுப் போனார்.

மாமனார் தூரத்திலிருந்து பார்த்தார். மீசை ஆடிய மாதிரி இருந்தது. சிரிப்போ, கோபமோ.

17 ஜூலை, வெள்ளி

ஆடி விருந்து. இன்று கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் பூசணியைத் திருப்ப ஞாயிற்றுக்கிழமை மறு ஆட்டமாம். அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்தேன்: விடுப்பு நீட்டிக்கவும், குடும்பக் காரணம். உடம்பு சரியில்லை என்றுதான் எல்லாரும் கொடுப்பார்கள். எனக்குப் பொய் எழுத வராது.

19 ஜூலை, ஞாயிறு

மாப்பிள்ளை இருபத்தைந்து அடி தள்ளி நிற்கவேண்டும் என்று அத்தை மூலமாக உத்தரவு. நாடாவை விரித்து அளந்தே நின்றேன்.

இன்று மாமனாருக்குக் கை பேசியது. பத்துப் பத்து, பதினொன்று பதினொன்று, பன்னிரண்டு பன்னிரண்டு. கடைசிச் சுற்று. குட்டிக்கு ஒரு பக்கம் மாமனார் குண்டு, மறுபக்கம் ஆல்போன்ஸ் குண்டு. லூசியன் தென்னை ஈர்க்கை முறித்து அளந்தார், மாமனார் குண்டுதான் கிட்ட. தியாகேசன் வேறு ஈர்க்கை முறித்தார், ஆல்போன்ஸ் குண்டுதான் கிட்ட. முக்கால் மணி நேரம் கத்தினார்கள். கடைசியில் ஆல்போன்ஸ் என் பக்கம் கை நீட்டினார்.

"அந்த முத்திரைக்காரரக் கூப்பிடுங்க. அளக்குறது அவரு உத்தியோகம்தானே?"

"தொட மாட்டாருல்ல?" என்றார் லூசியன். மாமனார் சரி என்று தலையை மட்டும் அசைத்தார்.

புது வெள்ளைச் சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்தேன். மூச்சுக்கூட விடவில்லை. மாமனார் குண்டு 31.4 சென்டிமீட்டர். ஆல்போன்ஸ் குண்டு 31.1. மறுபடி அளந்தேன். அதே. மூன்றாம் தடவை, கண்ணைக் கசக்கிக்கொண்டு. அதேதான்.

நாடாவில் இருப்பது என் ஒருவன் கண்ணுக்குத்தான் தெரியும். மாற்றிச் சொன்னால் பூசணி போகும், மாமனார் பேசுவார், பங்கஜம் வருவாள். மூன்று மில்லிமீட்டர், சின்ன எறும்பு அளவு. யாருக்கு நஷ்டம்? தலையைத் தூக்கினேன். பங்கஜம் முந்தானையைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி, அப்போதுதானா அவ்வளவு அழகாக இருக்கவேண்டும்?

"ஆல்போன்ஸ் ஐயா குண்டுங்க. மூணு மில்லிமீட்டர்."

மாமனார் என் பக்கத்தில் வந்து குப்புறப் படுத்தார். "கமலா, கண்ணாடி." பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து மண்ணைத் தட்டினார், மூன்று குண்டையும் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

பங்கஜம் இரவுச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "எங்கப்பாவ விட அந்த நாடா ஒங்களுக்குப் பெரிசாப் போச்சா?"

சரியாத்தானே அளந்தேன். சரியா அளந்தது ஒரு குத்தமா?

20 ஜூலை, திங்கள்

தனியாகக் கிளம்பினேன். பூசணிக்காயைத் தவிர யாரும் கூடத்தில் இல்லை.

26 ஜூலை. திண்டுக்கல்

ரசம் வைத்தேன். எழுதும்படி இல்லை.

2 ஆகஸ்ட்

கடிதம் எதுவும் இல்லை. நேற்று ஒரு மளிகைக் கடையில் ஐந்து கிராம் குறைந்த படிக்கல்லைப் பிடித்தேன். கடைக்காரர் மதார் சாகிப், "அஞ்சு கிராம்தானேங்க" என்றார். அஞ்சு கிராமா? மூணு மில்லிமீட்டருக்கு என் பெண்டாட்டியே போயிட்டாய்யா என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோய் சோடா உடைத்துக் கொடுத்தார்.

9 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று வந்த பங்கஜத்தின் கடிதத்தை ஆறாவது தடவையாகப் படிக்கிறேன். பூசணி ஒரு பக்கம் மெத்தென்று ஆகிவிட்டதாம். போன ஞாயிறு ஆட்டத்திலும் அளவுத் தகராறாம். ஈர்க்கோடு வந்த தியாகேசனிடம் ஆல்போன்ஸ், அந்தத் திண்டுக்கல்காரர் வந்து அளந்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். அப்போது அவள் அப்பா எல்லார் முன்னாலும் சொன்னாராம்:

"எம் மாப்பிள்ள பொய் சொல்ல மாட்டாரு. எனக்காகக்கூடச் சொல்லல."

கடைசி வரி: "ஆனா இது ஊர்கிட்ட பேசுனது. ஒங்ககிட்ட பேசுன மாதிரி ஆகாது."

12 ஆகஸ்ட், புதன்

அலுவலகத்துக்கு டிரங்க் கால். காரைக்கால் தபாலாபீசிலிருந்து. மேலதிகாரி உட்பட எட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள். போனில் ஒரே இரைச்சல்.

"மாப்ளே!"

"மாமா!"

"மூணு மில்லிமீட்டர்தானா?"

"ஆமாங்க மாமா."

"வெயில்ல நாடா நீளுமாமே, மாப்ளே?"

"நீளும் மாமா. ஆனா ரெண்டு குண்டுக்கும் ஒரே வெயில்தான்."

மாமனார் ஒரு தடவை செருமினார். பிறகு, "ஞாயித்துக்கெழம ஆட்டம் இருக்கு. நாடாவ மறந்துறாதீங்க, மாப்ளே." வைத்துவிட்டார்.

மூன்று தடவை மாப்ளே! பங்கஜம் இதையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மேல்முறையீடுதான்.

16 ஆகஸ்ட், ஞாயிறு. காரைக்கால்

மூன்று தடவை குப்புறப் படுத்தேன். இரண்டு மாமனாருக்கு, ஒன்று திருமலைராயன்பட்டினத்துக்கு. யாரும் ஈர்க்கைத் தேடவில்லை. பதின்மூன்று ஒன்பது, மாமனார் ஜெயித்தார். ஆல்போன்ஸ் என் கையைக் குலுக்கி, "மெர்சி, முசியே" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் கைதட்டினேன்.

பூசணிக்காயை எடுத்தால் கையோடு வரவில்லை, அவ்வளவு அழுகல். அத்தை கொல்லையில் கொட்டினார். பங்கஜம் அதிலிருந்து விதைகளை எடுத்துக் கழுவி, காகிதத்தில் மடித்துப் பெட்டியில் வைத்தாள். என் துணிகளுக்கு மேலே அவளுடைய புடவைகள்.

"நாளைக்கி ஆவணி ஒண்ணு. முதல் பஸ்ஸா?" என்று கேட்டாள்.

11 அக்டோபர், ஞாயிறு. திண்டுக்கல்

பங்கஜம் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். பூசணிக்கொடியில் முதல் பிஞ்சு, இலைக்கு அடியில். அடுத்த ஜூலை பதினான்குக்குக் காய் நம் வீட்டிலிருந்துதான் போகவேண்டும் என்று மாமனார் எழுதிக்கொண்டே இருக்கிறார். அதுவரை எந்தக் காய் தாங்கும் என்று யார் அவரிடம் சொல்வது?

நீளம் 11.6 சென்டிமீட்டர். கார்டு எழுதிப் போட்டேன். கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னாள் பங்கஜம், சேர்த்தேன்: குப்புறப் படுத்துத்தான் அளந்தேன் மாமா, தொடவில்லை.