உன் வரிப் பத்திரத்தில் இருக்கும் அப்பா

மில்லிக்கன், ஸ்காபரோ
செப்ரெம்பர் 14

மகள் நதீஷாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் சுகமாய் இருக்க மன்றாடுகிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்தக் கிழமை உனக்காக மன்றாட மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நான் பேசப் பேசப் போனை வெட்டிவிட்டாய், அதனால் எழுதுகிறேன். முழுவதையும் வாசி.

வரி நிரப்புகிறவர்களுக்கு இந்த ஒன்ராறியோ மாகாணம் தரும் கொடுப்பனவு யூலை பத்தாம் திகதி வரவேண்டியது வரவில்லை, ஓகஸ்டிலும் வரவில்லை, பிந்துகிறதாக்கும் என்று இருந்துவிட்டேன். பிறகு வெல்ஃபெயர் ஒபிசிலிருந்து கடிதம். நான் இங்கே இல்லை, அல்பேர்ட்டா மாகாணத்தில் வசிப்பதாகத் தகவலாம், விளக்கம் தரும்வரை உதவிப்பணம் நிறுத்தமாம். முதுகு போய் பக்டரி வேலையை விட்ட நாளிலிருந்து இந்த பேஸ்மென்ற்றிலிருந்து கோயிலுக்கும் டொக்டரிடமும் தவிர நான் எங்கே போனேன்? கோயில் மண்டபத்தில் இலவசமாய் வரி நிரப்பிக் கொடுக்கும் நிலாணியிடம் ஓடினேன். அவள் வரி அலுவலகத்துக்குப் போன் எடுத்து என்னையும் பேசவைத்தாள். கேட்டுவிட்டு, அங்கிள், உங்கடை வரியிலை அல்பேர்ட்டா, எட்மன்டன் விலாசமெல்லோ கிடக்கு, மகளோடை இருக்கிறியளோ என்றாள். அப்போதுதான் விளங்கியது. வருசத்தில் எனக்கு எவ்வளவு உதவிப்பணம் கிடைத்தது என்று காட்டும் வெல்ஃபெயர் ஸ்லிப்பை மார்ச்சில் படம் எடுத்து உனக்குத்தானே அனுப்பினேன், என் வரியை நீதானே நிரப்பினாய்.

அன்றைக்கே, அந்தச் செவ்வாய்க்கிழமைதான், உனக்குப் போன் எடுத்தேன். ஓமப்பா, உங்களை என்னோடை வைச்சுப் பார்க்கிறன் எண்டு போட்டால் எனக்கு வரியிலை கழிவு வரும், வெல்ஃபெயர் காசுக்கு ராக்ஸ் இல்லைத்தானே, உங்களுக்கு என்ன நட்டம் என்று கேட்டாய். வரி இல்லைத்தான். ஆனால் அந்த ஸ்லிப்பையும் சரியான விலாசத்தையும் போட்டு நிரப்பினால்தான் இந்த மாகாணம் எனக்குத் தருவதைத் தரும். படித்த உனக்கு இது தெரியாதா? தெரியும். என்னை யோசிக்கவில்லை, அவ்வளவுதான். விவாகரத்துக்குப் பிறகு நீ தனியாய்க் கஷ்டப்படுகிறாய் என்பது எனக்கும் தெரியும். கேட்டிருந்தால் கையில் இருந்ததைத் தந்திருப்பேன். நீ கேட்கவில்லை, என்னையே எடுத்துவிட்டாய்.

வியாழக்கிழமை வெல்ஃபெயர் ஒபிசில் கூப்பிட்டு இருத்தினார்கள். நான் இங்கேதான் வாடகைக்கு இருக்கிறேன் என்று வீட்டுக்காரர் றெமிஜியஸ் அண்ணை எழுதித் தந்த கடிதத்தைக் கொடுத்தேன். அந்த அதிகாரி பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். மகள் உங்களைப் பராமரிக்கிறாரா, கடைசியாக எப்போது வந்தார், சாப்பாடு யார் தருவது என்று ஒவ்வொன்றாய்க் கேட்டாள். நீ வந்து நாலு வருசம் என்றும், ஈஸ்டருக்குப் பிறகு நீயாக ஒரு போன்கூட எடுக்கவில்லை என்றும் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் அதையெல்லாம் எழுதினாள். பத்திரத்தில் நான் உன் வீட்டில் உண்டு உறங்குகிறேன், இங்கே முன்பின் தெரியாத ஒருத்திக்கு முன்னால் என்னைப் பார்க்க ஆளில்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. உன் அம்மா இப்போது உயிரோடு இல்லாதது நல்லது என்று அன்றுதான் முதல்முறை நினைத்தேன்.

நான் ஒபிசுக்குப் போகமுன் றெமிஜியஸ் அண்ணை, ஆர் செய்தது எண்டு கேட்டால் தெரியாது எண்டு சொல்லும், பிள்ளையெல்லோ என்றார். அந்த அதிகாரி கேட்டாள். நான் உன் பெயரைச் சொல்லிக் கையெழுத்தும் வைத்தேன். என் வரியையும் நிலாணி திருத்தி அனுப்பிவிட்டாள். அவர்கள் உன்னைத் தேடி வரமுன் நீயாகவே உன்னுடையதைத் திருத்து, எடுத்த கழிவைத் திருப்பிக் கொடு. அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், இப்போது கேட்டால் நான் தரமாட்டேன்.

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியைத் தரட்டும். குளிர் தொடங்குகிறது, காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்ற மறக்காதே. அடுத்த வருசம் என் ஸ்லிப் உனக்கு வராது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அருள்நாயகம்