அப்பா நிறுத்திய தேர்தல்

காபிட்,
ஆகஸ்ட் 19

அன்புள்ள சுலாவ்,

நம் தொகுதியில் சனிக்கிழமை நடக்கவிருந்த வாக்குப்பதிவு ரத்தாகிவிட்டது. தேர்தல் அதிகாரியே இன்று காலை என்னிடம் உறுதி செய்தார். வேட்பாளர் ஒருவர் இறந்துவிட்டால் மறுபடி மனுத்தாக்கலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது சட்டம்.

கட்சிக்காரர்கள் லண்டனிலிருக்கும் உனக்குத் தொலைபேசியில் ஏதேதோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உன் அப்பாவை யாரும் எதுவும் செய்யவில்லை. படகோட்டி எந்த்ரியிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அரசு மருத்துவரிடமும் கேட்டேன். ஓட்டுக் கேட்கப் போன வழியில் ஆற்றில் தண்ணீர் குறைவு. படகு கல்லில் தட்டியதும் எல்லாரையும் போல அவரும் இறங்கித் தள்ளினார். "ஜெயிக்கிறவன் உக்காந்து போவான்டா, தோக்கிறவன்தான் தள்ளணும்" என்று எந்த்ரியைச் சிரிக்க வைத்தாராம். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்கிறார் மருத்துவர்.

நம் நீளவீட்டில், ஒரே கூரையின் கீழுள்ள அத்தனை குடும்பமும் கூடி, எல்லாம் முறைப்படி நடந்தது. டத்தோ கெருன்சினும் வந்தார். படகுத்துறைக்கு வெகு முன்பே தன் பிரசாரப் படகின் ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிவிட்டார். ஐந்து தேர்தலிலும் அப்பாவைத் தோற்கடித்த மனிதர், பாயில் உட்கார்ந்து, "இனிமே யாரைத் திட்டி நான் ஓட்டுக் கேக்கிறது?" என்று அழுதார். பின்னாலிருந்து ஒரு கிழவி, "அஞ்சு தடவை நின்னும் உன்னைத் தடுக்க முடியல. செத்துத்தான் தடுத்திருக்கான்" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

உன் சட்டப் படிப்பு முடியப்போகிறது என்று சொல்லி, கட்சியில் உன் பெயரைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சீக்கிரமே உன்னிடமும் கேட்பார்கள். அதற்குமுன் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீளவீட்டுத் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். பக்கத்து நீளவீட்டுக்குக் குழாய் வந்து எட்டு வருடமாகிறது. நம் பெண்கள் இன்னும் ஆற்றிலிருந்துதான் சுமக்கிறார்கள். ஏன் என்று உனக்குத் தெரியும்: ஐந்து தேர்தலிலும் நம் வீடு தோற்ற அப்பாவுக்கே போட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பொண்ணு நின்னா நாங்க அவளுக்குத்தான் போடுவோம். உம்பாங் மகளுக்குப் போடாம எப்படி இருக்க முடியும்? அதனாலதான் சொல்றேன், நிக்க வேணாம்னு எழுதுங்க."

உன் அம்மாவிடம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். புது மனுத்தாக்கல் என்றைக்கு என்றுதான் கேட்டார். தேதி இன்னும் வரவில்லை என்றேன். அடுப்பில் விறகைத் தள்ளினார். பிறகு, "அதுக்கு மறுநாள் வரச் சொல்லுங்க" என்றார்.

நீ வந்த பிறகே துக்கம் முடிப்பதென்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அதுவரை எந்தக் கட்சியின் ஒலிபெருக்கியும் நம் துறைக்கு வராது.

ஐந்து முறையும் அப்பாவின் தோல்வியைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியவன் நான். அந்த இடத்தில் உன் பெயரை எழுத எனக்குக் கை வராது. அவர் இருந்திருந்தால் இந்த வரியை அடித்துவிடச் சொல்லியிருப்பார்.

மனுத்தாக்கல் தேதியை வெள்ளிக்கிழமை அறிவிப்பதாக அதிகாரி சொல்கிறார். அன்றே தந்தி கொடுக்கிறேன். மறுநாளோ முந்தின நாளோ, நீ எப்போது வந்தாலும் காபிட் துறையில் எந்த்ரியோடு நிற்பேன். மழை இன்னும் இல்லை. சாமான் அதிகம் வேண்டாம். நல்லபடியாக வந்து சேர், மகளே.

உன் அப்பாவின் நண்பன்,
லாயாங்