ஆறாவதாக இறங்கியவளின் அப்பா

ஜூன் 27

ஃப்ளெக்ஸ் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

மகள் எப்சிபா இங்கிலாந்து கிரிக்கெட் டெஸ்ட் தொடருக்குத் தேர்வானதிலிருந்து, ஐந்தருவி ரோட்டில் நம் பழக்கடை முன்னால் ஒன்று வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. ஃப்ளெக்ஸ் அடிக்கிற தென்காசி கோமதிசங்கரிடம் இரண்டு படம் கொடுத்தேன். ஒன்று அவள் மட்டையோடு நிற்பது. இன்னொன்று என் மச்சினன் கல்யாணத்தில் மண்டப வாசலில் நான் கும்பிட்டுக்கொண்டு நின்றது. அவன் என்ன புரிந்துகொண்டானோ, என்னை ஆள் உயரத்துக்குப் போட்டு, பிள்ளையை மேல் மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் தள்ளிவிட்டான். என் காலடியில் கொட்டை எழுத்தில், 'தென்காசி தந்த தொடக்கப் புயல்'.

பக்கத்தில் சிப்ஸ் கடை போட்டிருக்கிற முகம்மது ரபீக் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, எந்த வார்டுல நிக்கீய?"

என் வீட்டுக்காரி ரெபேக்காள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று தேடுகிற மாதிரி தேடினாள். அது போதாதா.

கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் படத்தில் நான் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறேன். இருக்கட்டும்.

ஜூலை 2

முதல் டெஸ்ட். நம் நேரத்துக்கு மூன்றரை மணிக்கு ஆரம்பம். செல்போனை மங்குஸ்தான் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு வியாபாரம் பார்த்தேன். எப்சி முதல் ஆளாக இறங்கினாள். நான்காவது பந்து. பந்து உள்ளே வந்தது, இவள் கால் முன்னால் வரவில்லை, ஸ்டம்ப் பறந்தது. முட்டை.

எதிரே பழம் வாங்க நின்ற கோயம்புத்தூர்க்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இந்தப் பொண்ணு யாரு, நிக்கவே மாட்டேங்குது" என்றார். தெரியாது சார் என்றேன். அவர் போன பிறகுதான் தலைக்கு மேலே ஃப்ளெக்ஸ் இருப்பது ஞாபகம் வந்தது.

ஜூலை 5

இரண்டாவது தடவை பதினொன்று. மேட்ச் தோல்வி. எப்சி போன் எடுக்கவில்லை. காலையிலிருந்து சாரல்.

ஜூலை 8

ரபீக் ஓடிவந்து போனைக் காட்டினான். அடுத்த டெஸ்டில் எப்சிபா தொடக்க ஆட்டக்காரராக இறங்க மாட்டாள், ஆறாவதாக இறங்குவாள் என்று போட்டிருக்கிறான்.

ஆறாவது! பன்னிரண்டு வயதிலிருந்து ஓப்பனர் என் பிள்ளை. தென்காசி பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களோடு ஆடும்போதும் அவள்தான் முதலில். மாவட்டம், மாநிலம், எல்லாவற்றிலும் அவள்தான் முதலில். ஒரு மேட்ச் போனதற்கு ஆறாவதா? எவன் முடிவு பண்ணினான்? வீட்டில் கேட்டார்களா? கேட்க வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லவாவது — என்னத்த சொல்ல.

நேரம் பார்த்து, மைக்கும் கையுமாக ஒரு யூடியூப் தம்பி வந்து சேர்ந்தான். அருவியில் தண்ணீர் எப்படி என்று எடுக்க வந்தவன், ஃப்ளெக்ஸைப் பார்த்து நின்றுவிட்டான். நீங்கள்தான் அப்பாவா என்று கேட்டான். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மைக்கை நீட்டியவுடன் கொட்டினேன். முதல் பெஞ்சுப் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள் என்றேன். தெற்கத்திப் பிள்ளை என்றால் இளப்பமா என்றேன். அவளை ஓப்பனராக வளர்த்தவன் நான், சனிக்கிழமை தவறாமல் மைதானத்தில் நின்றவன் நான் என்றேன்.

தராசுக்குப் பின்னால் இருந்து ரெபேக்காள், "அந்தச் சனிக்கிழமையெல்லாம் கடையை யாரு தொறந்தாவளாம்" என்றாள். நல்லவேளை, மைக்கில் விழவில்லை.

ஜூலை 9

மைக்கில் விழுந்ததே போதும் போலிருக்கிறது. 'மகளைப் பழிவாங்குகிறார்களா? கதறும் தந்தை' என்று தலைப்பு. நான் எங்கே கதறினேன்? மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, சாரல் சளி. எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். சபை ஆட்களே மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள், நான் பார்த்திருக்க மாட்டேன் என்று.

சாயங்காலம் எப்சி கூப்பிட்டாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். சாதாரணமாகப் பேசினாள்.

"அப்பா, என்னை யாரும் கீழ எறக்கல. நான்தான் கேட்டேன்."

எதுக்குட்டி என்றேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். புதுப் பந்து ஆடும்போது அவள் மனசு ஒரு நாளும் லேசாக இருந்ததில்லையாம். பந்து தேய்ந்த பிறகு, ஆட்டம் ஒரு இக்கட்டில் நிற்கும்போது இறங்கினால்தான் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறதாம். ரொம்ப வருஷமாகவே அப்படித்தானாம். முதல் டெஸ்ட் முடிந்த அன்றைக்குத் தைரியம் பண்ணிக் கேட்டுவிட்டாளாம். கோச் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு மேட்ச் பார்க்கலாம் என்றிருக்கிறார். பெண்களுக்கு டெஸ்ட் என்பதே வருஷத்துக்கு ஒன்றிரண்டு கிடைத்தால் பெரிது. இதில் சறுக்கினால் அடுத்தது எப்போது, அதில் அவள் இருப்பாளா, யாருக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் என் வீடியோ. டீமில் ஒரு சென்னைப் பிள்ளை அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தே காட்டிவிட்டாளாம். எங்க அப்பா அப்படித்தான், மனசுல ஒண்ணும் கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்திருக்கிறாள்.

"நான் நல்லா ஆடுனா நீங்க சொன்னது தப்புன்னு ஆயிரும். நான் சொதப்புனா நீங்க சொன்னது சரின்னு ஆயிரும். உங்களுக்கு எது வேணும்ப்பா?"

நான் தப்பு, நான் தப்பு என்று இரண்டு தடவை சொன்னேன். சிரித்தாள். பிடிக்காமலா இத்தனை வருஷம் முதலில் இறங்கினாய் என்று கேட்டேன். அது பெரிய கதை, ஊருக்கு வந்து சொல்லுதேன் என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 10

யூடியூப் தம்பியைப் பிடித்து, வீடியோவை நீக்கச் சொன்னேன். நீக்க முடியாது, வேண்டுமானால் மறுத்து இன்னொரு பேட்டி கொடுங்கள் என்றான். நான் தலைமுடியைச் சரிசெய்வதைப் பார்த்துவிட்டாள் ரெபேக்காள்.

"உள்ள போயி ரம்புட்டான அடுக்குங்க" என்றாள். போய் அடுக்கினேன்.

ஜூலை 12

இரண்டாவது டெஸ்ட், முதல் நாள். நம் ஆட்கள் முதலில் மட்டை பிடித்தார்கள்.

ஓப்பனரைப் பெற்றவனுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். நல்லதோ கெட்டதோ, ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். பிறகு பழம் விற்கலாம். ஆறாவது ஆளைப் பெற்றவனின் பாடு இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது. யாரோ பெற்ற பிள்ளைகள் ஆடுகிறார்கள், நாம் செல்போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் அவுட்டானால் நம் பிள்ளை வருவாள். அதற்காக அவுட்டாகு என்று வேண்டிக்கொள்ளவா முடியும்? ஒரு தடவை வேண்டிவிட்டேன். உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

அருவியில் தண்ணீர் கூடி, போலீஸ் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். நனைந்த கூட்டம் மொத்தமும் கடைப் பக்கம் வந்தது. ஒரு அம்மாள் கேட்டது மங்குஸ்தான், நான் நிறுத்துக் கொடுத்தது ரபீக் கடை நேந்திரங்காய் சிப்ஸ். அவன் ஏன் தன் பாக்கெட்டை என் தராசில் வைத்தான் என்று அவனோடு ஒரு சண்டை.

மூன்று விக்கெட் போனதோடு இன்றைய ஆட்டம் முடிந்தது. எப்சி காலில் பேடு கட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்ததை ஒரு முறை காட்டினான். கன்னத்தில் கைவைத்திருந்தாள். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன் என்று ரெபேக்காள் சொன்னாள்.

ஜூலை 13

இறங்கிவிட்டாள்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நான்காவது விக்கெட் போனது. எப்சி நடந்து வருகிறாள். அவசரமே இல்லாமல், சந்தைக்குப் போகிறவள் மாதிரி வருகிறாள். நான் ரபீக்கின் கையைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து, "அண்ணாச்சி, எண்ணெய் காயுது, கைய விடுங்க" என்றான்.

அவள் ஆடியதை எழுத எனக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் தேறாதவன் நான். ஒன்று மட்டும் பார்த்தேன். பந்து போடாத நேரத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப் பக்கம் விக்கெட் விழுந்துகொண்டே இருக்கிறது, பந்து போடத்தான் தெரியும் என்கிற பிள்ளைகள் ஒவ்வொருவராக மட்டையோடு வருகிறார்கள். ஒவ்வொருத்தியின் தோளிலும் கையைப் போட்டு என்னவோ சொல்கிறாள். ஓப்பனராக ஆடும்போது அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அது கவனம் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்தாறு, அவுட் இல்லை. கூட நிற்க ஆளில்லாமல் போய்விட்டது. ஆறாவதாக இறங்கினால் அப்படியும் ஒரு இடைஞ்சல் உண்டு போல.

ரெபேக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நீங்க சொன்னது தப்புதான்" என்றாள். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு நாளும் தப்பாக இருந்ததில்லை.

ஜூலை 15

கடைசி நாளில் அங்கேயும் மழை. மேட்ச் டிரா.

இங்கே பேய்க்காற்று. ஃப்ளெக்ஸ் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. ரபீக்கும் நானும் இறக்கி ரம்புட்டான் பெட்டிகள் மேல் போட்டுக் கட்டினோம். 'தொடக்கப் புயல்' உள்ளே மடிந்துவிட்டது. என் முகம் மட்டும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நனைகிறது.

ஜூலை 16

அடுத்த டெஸ்டிலும் ஆறாவது இடம் அவளுக்குத்தான் என்று கோச் சொல்லிவிட்டாராம். எப்சி போனில் சொல்லும்போது குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. யூடியூப் தம்பி வந்தான். நான் உள்ளே போய் ரம்புட்டான் அடுக்கினேன்.

ஜூலை 22

எப்சி வந்துவிட்டாள். காலையில் அம்மாவும் மகளும் ஐந்தருவியில் குளித்துவிட்டு நேரே கடைக்கு வந்தார்கள். தலை துவட்டாமல் பெட்டி மேல், என் முகத்தின் மேலேயே, உட்கார்ந்து ரம்புட்டான் தின்றாள். தோலெல்லாம் என் செருப்புப் பக்கம். டெஸ்ட் ஆடினால் என்ன, அந்தப் பழக்கம் போகாது.

அந்தப் பெரிய கதை என்ன என்று கேட்டேன்.

ஒன்றும் பெரிய கதை இல்லை என்றாள். ஞாயிறு நமக்குச் சபை. சனிக்கிழமைதான் மேட்ச். பத்து மணி ஆனால் கடைக்குப் போகிறேன் என்று நான் கிளம்பிவிடுவேன்.

"அஞ்சாவது ஆறாவதுன்னு எறங்கினா நீங்க பாக்க முடியாதுல்லா? அதான் இசக்கிதுரை அண்ணன்கிட்ட அழுது அடம்புடிச்சு, முதல்ல எறங்குனேன். அவங்கதானே கேப்டன். பெறவு அதுவே நம்ம எடம்னு ஆயிப்போச்சு."

சொல்லிவிட்டு அடுத்த பழத்தை உரித்தாள். தராசுப் பக்கம் இருந்து ரெபேக்காள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமைகளில் கடையைத் திறந்தவள் அவள்.

அவள் பார்க்கிற இடத்தில் நான் நின்றால் ஒவ்வொரு பந்துக்கும் பிள்ளை என் பக்கம் திரும்புவாள். திரும்பித் திரும்பியே அவுட்டாவாள். அதற்காகத்தான் கடைக்கு என்று சொல்லிக் கிளம்பினேன். அவள் எனக்காக முதலில் இறங்கியிருக்கிறாள். இந்தக் கதையை இத்தனை வருஷம் வைத்திருந்து, இன்றைக்கு எனக்கு என்று கொடுத்திருக்கிறாள். அதை வாங்கிய கையோடு கெடுப்பானேன்?

பழம் இனிப்பா இருக்கா என்று மட்டும் கேட்டேன்.

நான் எங்கயும் போகலட்டீ. பள்ளிக்கூட மதில் சுத்தி வந்து, சைக்கிள் ஸ்டாண்டுலதான் நின்னேன், கடைசிப் பந்து வரைக்கும்.