யன்னலைத் திறந்த கதாநாயகன்

மச்சான்,

நேற்று யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் அந்த நாவல் தொடரின் நான்கு பாகங்களையும் ஒன்றாகக் கட்டிய பதிப்பைக் கண்டேன். பசை மணம் மாறாத புத்தகம். நம் கைக்கு வந்தபோது 'புதுமுக எழுத்தாளர்' என்று அட்டையில் போட்டிருந்தார்கள்; இப்போது பின்னட்டையில் மனிதருக்குத் தலை நரைத்திருக்கிறது. குண்டு வெடிக்கும் இடங்களில் அதே 'டமார்' இருக்கிறது. நீ சொன்னதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.

அந்த நாவல்கள் சென்னையிலிருந்து வல்வெட்டித்துறைக்குப் படகில் வந்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நம் அறைக்கு வந்து சேரும். ஒரு புத்தகம், ஐந்து பேர். தையலைப் பிரித்து ஐந்து துண்டாக்கி, ஒருவன் முடித்ததை மற்றவன் வாங்கி வாசிப்போம். துண்டுகள் அறையை விட்டு வெளியே போகக்கூடாது. முடிவைச் சொல்லுகிறவன் அடுத்த பாகத்துக்கு வரிசையில் கடைசி. இரண்டு சட்டமும் நீ போட்டவை.

நீ பென்சில் இல்லாமல் வாசிக்கமாட்டாய். பயங்கரவாதிகள் ஒரு நகரத்தை மிரட்டுகிற கதை. நமக்கோ விமானம் இரைந்தால் துண்டுகளோடு பங்கர்க் குழிக்குள் இறங்க வேண்டும். அங்கே குந்தியிருந்தும் நீ எழுத்தாளரோடு சண்டை பிடித்தாய்.

"உவருக்குக் குண்டெண்டால் என்னெண்டே தெரியாது. சும்மா 'டமார்' எண்டு எழுதுறார். வெடிச்ச உடனை கதாநாயகன் யன்னலைத் திறந்து எட்டிப் பாக்கிறானாம்! குப்புறப் படுக்க வேண்டாமோ?"

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'படுக்கவும்' என்று எழுதினாய். நாங்கள் சிரித்த சிரிப்பில் விமானம் போனதே தெரியவில்லை.

மூன்றாம் பாகத்தில் நான் முடிவு வரை வந்திருந்தேன். நீ நான்காம் துண்டில் நின்றாய்; கதாநாயகனைக் குண்டோடு ஓர் அறையில் பூட்டிவிட்டார்கள். அன்று பார்த்து உன் அம்மாவுக்குச் சுகமில்லை என்று உரும்பிராயிலிருந்து ஆள் வந்தது. சைக்கிளில் ஏறி, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கேட்டாய்.

"தப்புறானோ இல்லையோ, அதை மட்டும் சொல்லன்."

"வந்து வாசி."

"சரியான ஆள்தான் நீ. நாளைக்கு வாறன். கடைசித் துண்டை ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதை."

"ஓம், ஓம். போயிட்டு வா."

நான்காம் பாகம் படகேறிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. வரிசையில் முதலிடம் போய்விடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். வேறு காரணம் கிடையாது.

மறுநாள் நீ திரும்பி வருகிற வழியில் குண்டு விழுந்தது. விமானச் சத்தம் கேட்டதும் சைக்கிளை எறிந்துவிட்டு, மதிலோரம் குப்புறப் படுத்திருந்தாயாம். தூக்கினவர்கள் சொன்னார்கள். செய்யவேண்டியதை எல்லாம் நீ சரியாகத்தான் செய்திருக்கிறாய்.

நான்காம் பாகம் வந்தது. நான்தான் முதலில் வாசித்தேன். அதில் ஒரு வரியும் நினைவில்லை.

புதுப் பதிப்பைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் பாகத்தின் கடைசித் துண்டு என் அலுமாரியில் இருக்கிறது. எத்தனையோ வீடு மாறியும் அதைத் தவறவிடவில்லை. ஓரங்களில் பென்சில் படாத பக்கங்கள். ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை.

இன்று உன் சட்டத்தை மீறுகிறேன். அவன் தப்பினான், மச்சான். அந்த ஓரிடத்தில் மட்டும் எழுத்தாளர் சரியாக எழுதியிருந்தார். குப்புறப் படுத்துத்தான் தப்பினான்.