கம்பெனி வரியும் தாய்மாமன் மடியும்

மும்பை,
18.4.1999

அன்புள்ள அம்மாவுக்கு, தவமணி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலமாகவே இருக்கிறேன்.

கம்பெனிகள் கட்டும் வருமான வரிக்கு மேல் இந்த வருடம் பத்து சதவீத மேல்வரி போட்டிருக்கிறார்கள். "கம்பெனிக்குத்தானடா வரி, ஒனக்கு எங்கிட்டு வலிக்குது?" என்று அண்ணன் போனில் சிரித்தார். சமயநல்லூர் வயலை என்னைக் கேட்காமல் விற்று, நான் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே பங்கு வாங்கியவர் அல்லவா? அவருக்கு வரும் ஈவுத்தொகையில் ஒரு காசு குறையவில்லை. எங்களுக்குத்தான் ஊருக்கு வந்துபோகக் கொடுக்கும் பயணப்படியை நிறுத்தி, விடுப்பையும் ரத்து செய்துவிட்டார்கள்.

"வரிச்சுமையை எல்லாரும் சேர்ந்து சுமப்போம்" என்றார் மேனேஜர். "பங்குதாரர்களுமா சார்?" என்று கேட்டேன். மறுநாளே என் மேசையை ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். கவலைப்படாதீர்கள், அங்கே காற்று நன்றாக வருகிறது.

ஆகவே வைகாசியில் தங்கச்சி தமிழ்ச்செல்வி மகன் காதுகுத்துக்கு நான் வர முடியாது. பையனை என் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அண்ணனும் தாய்மாமன்தானே, அவர் மடியில் வைத்துக் குத்திவிடுங்கள்.

எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். பையன் அழுதானா என்று தங்கச்சியை எழுதச் சொல்லுங்கள். போட்டோவும் ஒன்று வேண்டும். அண்ணன் முகம் விழாவிட்டால் நல்லது.

பந்தியில் யாராவது தவமணி எங்கே என்று கேட்டால், கம்பெனிக்குப் போட்ட வரியைக் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று அண்ணன் காதில் விழும்படி சொல்லுங்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

தவமணி